சட்டம் படிக்க வேண்டும், வக்கீலாக வேண்டாம்: மருந்துக் கம்பெனி மகளுக்கு ஒரு வழி

போன சனிக்கிழமை நீங்கள் மனைவியோடும் மகளோடும் வந்து உட்கார்ந்ததும் மேஜைமேல் மூன்று காகிதங்களை வைத்தீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், பாதி நிரப்பிய கல்விக் கடன் விண்ணப்பம், வீட்டுப் பத்திரத்தின் நகல். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து நான்கு வருடமாக மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் பெண், வக்கீல் அல்லாதவர்களுக்கான ஒரு வருட சட்ட மேற்படிப்புக்குப் போக வேண்டும் என்று அங்கே இருக்கும் உங்கள் மைத்துனர் சொல்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்று பதற்றத்தில் இருந்தீர்கள். அன்று உங்கள் மூவர் முகத்தையும் பார்த்து, "பதறாதீர்கள் சார், யோசித்துச் செய்யலாம்" என்று இதமாகச் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குப் போனபின் அது சரியில்லை என்று தோன்றியது. அதனால் நேராகவே எழுதுகிறேன்: அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

அந்தப் படிப்பு மோசமான படிப்பு அல்ல. அந்த நாட்டிலேயே ஒரு மருத்துவமனையிலோ வங்கியிலோ பல வருடம் வேலை பார்த்துவிட்டு, தினமும் கைக்கு வரும் ஒப்பந்தங்களையும் விதிமுறைகளையும் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு அது உதவும். உங்கள் மகள் அந்த ஆள் இல்லை. "திரும்பி வந்து ஹைகோர்ட்டில் கறுப்பு கோட் போடலாம்" என்று மைத்துனர் சொன்னதாகச் சொன்னீர்கள். முடியாது. இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய, 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 24-ஆம் பிரிவின்படி பார் கவுன்சில் ஏற்றுக்கொண்ட எல்.எல்.பி. பட்டம் வேண்டும். அடிப்படைச் சட்டப் பட்டம் இல்லாமல் வாங்கும் முதுகலைப் பட்டம், பெயரில் சட்டம் என்று இருந்தாலும், அந்தக் கதவைத் திறக்காது.

இப்போது பணம். 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று போட்டுப் பார்த்தேன். மாதத் தவணை சுமார் 41,300 ரூபாய். படிக்கும் வருடத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. கட்டி முடிக்கும்போது கைவிட்டுப் போயிருப்பது கிட்டத்தட்ட 49 லட்சத்து 60 ஆயிரம். அவள் இப்போது வாங்கும் சம்பளம் 34,000. அங்கே வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால், அவள் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் தவணைக்குப் பற்றாது. ஈடாக நிற்பதோ நீங்கள் குடியிருக்கும் வீடு. இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் சமரசம் இல்லை சார். பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

நீங்கள் கீழே போய் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தபோது அவளிடம், "உனக்கு ஏம்மா சட்டம்?" என்று கேட்டேன். "கோர்ட்ல நின்னு பேசறதெல்லாம் எனக்கு வராது சார். போன வருஷம் எங்க மருந்து ஒண்ணோட உப்பு வடிவத்தை மாத்தி, அதுக்குக் காப்புரிமை கேட்டாங்க. அப்ப பேட்டன்ட் ஆபீஸ்ல இருந்து ஆட்சேபணை வந்துச்சு. டெக்னிக்கல் பதிலை என்னைத்தான் எழுதச் சொன்னாங்க. இந்த நாலு வருஷத்துல அந்த ரெண்டு வாரம்தான் நேரம் போனதே தெரியல" என்றாள்.

என் மேஜையில் இருந்த ஒரு மருந்துக் காப்புரிமையில், எதற்கெல்லாம் உரிமை என்று சொல்லும் கடைசிப் பக்கங்களை எடுத்துக் கொடுத்தேன். பென்சில் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஐந்து நிமிடம் கழித்து, "இதுல பி.எச். அளவு 6.8-ல இருந்து 7.4-னு போட்டிருக்கு. ஒருத்தர் 6.5-ல செஞ்சா மாட்ட மாட்டாரா சார்?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியைக் கேட்டுப் பிழைக்கிற ஒரு தொழில் நம் நாட்டில் இருக்கிறது. பேட்டன்ட் ஏஜென்ட், காப்புரிமை முகவர். வக்கீல் பட்டம் இல்லாமல் சட்ட வேலை செய்ய அரசே பதிவு கொடுக்கும் தொழில் இது. ஆனால் நம் உறவுக்காரர்கள் வாயில் ஒருநாளும் வராது.

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 126-ஆம் பிரிவில் தகுதி எளிமையாக இருக்கிறது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது முடிந்திருக்க வேண்டும், அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் வேண்டும், காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். எல்.எல்.பி. கேட்பதில்லை. முதல் தாள் 100 மதிப்பெண், சட்டமும் விதிகளும். இரண்டாம் தாள் 100, காப்புரிமை விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விளக்கி உரிமை கோரும் ஆவணத்தை, எழுதுவதும் அதற்குப் பொருள் காண்பதும். அப்புறம் 50 மதிப்பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு. தாள் ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் எடுக்க வேண்டும், மொத்தத்தில் 60 சதவீதம், அதாவது 250-க்கு 150. சிக்கல் ஒன்று உண்டு: ஒவ்வொரு வருடமும் தேர்வு வரும் என்று நம்பி இருக்க முடியாது. 2023 மே மாதத் தேர்வுக்குப் பிறகு அடுத்தது 2025 ஜனவரியில்தான் நடந்தது. அதனால் வேலையை விட்டுவிட்டு இதற்குப் படிக்கக் கூடாது. வேலையில் இருந்துகொண்டே தயாராக வேண்டும்.

வேலை எப்படி இருக்கும்? ஒரு மாத்திரையில் அ, ஆ என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன என்று வையுங்கள். "அ, ஆ ஆகியவற்றை உள்ளடக்கிய மாத்திரை" என்று உரிமை கோரினால், போட்டிக்காரர் அதோடு இ என்று மூன்றாவதைச் சேர்த்தாலும் மாட்டிக்கொள்வார். "அ, ஆ மட்டுமே கொண்ட மாத்திரை" என்று எழுதிவிட்டால், துளி இ சேர்த்து அவர் தப்பிக்க வழி கிடைத்துவிடும். ஒரு சொல்லில் பல வருட ஆராய்ச்சி நிற்கும் அல்லது விழும். புதுமைக்கு ஆதாரம் தேட வேண்டும், ஆட்சேபணைக்குக் கெடுவுக்குள் பதில் எழுத வேண்டும், தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்தால் 12 மாதத்துக்குள் முழுமையானதைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒருநாள் தவறினாலும் கதை முடிந்தது. நான்கு வருடம் பதிவேட்டில் ஒரு இலக்கம் பிசகாமல் எழுதிய கை அவளுடையது.

வேதியியல் ஏன் முக்கியம் என்பதற்கு க்ளிவெக் வழக்கே போதும். புற்றுநோய் மருந்தான இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது. தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால் அதன் பலன் கூடியிருக்க வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்று கம்பெனி வாதிட்டது. மருந்தில் பலன் என்றால் நோய் தீர்க்கும் பலன்தான், அது கூடியதாகக் காட்டவில்லை என்று 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுத்தது. படிக வடிவம், கரைதிறன் என்ற இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள, வேதியியல் தெரியாத ஒருவர் எத்தனை மாதம் படிக்க வேண்டும்! அவளுக்கு அது அன்றாடப் பேச்சு.

அப்படியானால் சட்டத்தை எங்கே படிப்பது? இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அறிவுசார் சொத்துரிமையில், அதாவது காப்புரிமை, பதிப்புரிமை போன்றவற்றில், முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியிலும் அதே துறையில் இருக்கிறது. ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தில் காப்புரிமைச் சட்டத்துக்கென்றே தனியாக ஒன்று. எல்லாமே எந்தப் பட்டதாரியும் வேலையை விடாமல் படிக்கக்கூடியவை. அதற்கும் முன்னால், உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் அகாடமி நடத்தும் டி.எல்.101 என்ற அடிப்படைப் பாடத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: டிப்ளமோ அறிவைத் தரும், பதிவைத் தருவது தேர்வுதான். டிப்ளமோ வாங்கியவுடன் முகவராகிவிடலாம் என்று விளம்பரம் செய்யும் யாரையும் நம்பாதீர்கள். மூன்று வருட எல்.எல்.பி. பற்றி எல்லோருக்கும் தெரியும், நான் சொல்ல ஒன்றும் இல்லை. தினமும் வகுப்புக்குப் போக வேண்டும், கோர்ட் வேண்டாம் என்கிற பெண்ணுக்கு இப்போது அது தேவையும் இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஒன்றிரண்டு வருடம் பெரும்பாலும் பழைய காப்புரிமைகளைத் தேடும் வேலைதான், சலிப்பாக இருக்கும். தொடக்கச் சம்பளம் இப்போதைய சம்பளத்தைவிடப் பெரிதாக உயர்ந்துவிடாது. காப்புரிமை அலுவலகத்தின் முன் ஆஜராகலாம், ஆனால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே வழக்கறிஞர்தான் வாதாட வேண்டும். இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன், தலையாட்டினாள். வேலை இல்லாமல் போகுமோ என்ற பயம் வேண்டாம். 2023-24-ல் மட்டும் இந்தியாவில் 92,000-க்கும் மேல் காப்புரிமை விண்ணப்பங்கள் வந்தன, நாட்டின் நான்கு காப்புரிமை அலுவலகங்களில் ஒன்று சென்னை கிண்டியிலேயே இருக்கிறது.

மைத்துனர் கோபித்துக்கொள்வார் என்று உங்கள் மனைவி கவலைப்பட்டார். கோபித்துக்கொள்ளட்டும். தவணை கட்டப்போவது அவர் இல்லை. "ஃபாரின் டிகிரி இருந்தா நல்ல வரன் வரும்" என்று பாட்டி சொன்னதையும் நீங்கள் சொன்னீர்கள். அரைக் கோடி கடனோடு வரும் பெண்ணைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசுவார்கள் என்பதையும் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

முன்பணக் கெடு முடியும்வரை எதிலும் கையெழுத்து போட வேண்டாம். அவள் கம்பெனி செய்யும் ஏதாவது ஒரு மருந்தின் காப்புரிமையை இணையத்தில் எடுத்து, உரிமைக்கோரல் பகுதியை மட்டும் படித்து, அதில் சிக்காமல் அதே மருந்தைச் செய்ய வழி இருக்கிறதா என்று இரண்டு பக்கம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லட்டும், வேறு வழி பார்ப்போம். அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த இரண்டு பக்கத்தோடு அவள் மட்டும் வரட்டும்.