மாநில அரசின் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

கேள்வி: கிரீன் கார்டு பெற்றுக் கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் மாநில அரசின் உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?

பதில்: உங்கள் மகள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ‘கால் கிராண்ட்’ எனப்படும் அம்மாநில உதவித்தொகைக்கு, மத்திய அரசின் கல்லூரி நிதியுதவி கோரும் ‘ஃபாஃப்சா’ (FAFSA) படிவமே விண்ணப்பமாகவும் அமைகிறது; தனி விண்ணப்பம் தேவையில்லை. அதற்குக் கட்டணம் இல்லை என்பதால், பணம் கேட்கும் இடைத்தரகர்களை அணுகவே வேண்டாம். பொதுவாக மார்ச் 2 கடைசி நாள் என்றாலும், படிவம் வெளியானவுடனே நிரப்பிவிடுவது நல்லது.

பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. படிவத்துடன், மாணவியின் மதிப்பெண் சராசரியும் மாநில மாணவர் உதவி ஆணையத்துக்குச் சென்றாக வேண்டும். அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் தாமே அனுப்பிவிடுகின்றன. ஆயினும் அது உங்கள் மகளின் பெயரோடு சரியாக இணைக்கப்பட்டுள்ளதா என்பதைப் பள்ளி ஆலோசகரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கால் கிராண்ட்டின் ‘ஏ’ பிரிவுக்கு நான்குக்கு 3.0, ‘பி’ பிரிவுக்கு 2.0 என்ற சராசரி தேவை; குடும்ப வருமானத்துக்கும் சொத்துக்கும் உச்சவரம்பு உண்டு.

வருமான வரி விவரங்களைப் பகிர்வதற்குப் பெற்றோராகிய நீங்களும் படிவத்தில் ஒப்புதல் அளித்தாக வேண்டும். அது இல்லாவிடில் மத்திய அரசின் உதவியும் கிடைக்காது.