தாடியஸ் ஸ்டீவன்ஸ்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தவர் லிங்கன்தானே? இவர் யார்?

பதில்: பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரத்து வழக்கறிஞர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர். லிங்கனின் 1863 பிரகடனம் நாட்டிலிருந்து பிரிந்து கிளர்ச்சி செய்த தென் மாநிலப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தது 1865இல் வந்த 13ஆவது அரசமைப்புத் திருத்தம். அதற்காகச் சபையில் முன்னின்று போராடியவர் ஸ்டீவன்ஸ். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

கேள்வி: உள்நாட்டுப் போரில் அவருடைய இரும்பு ஆலையைத் தென்னகப் படை, அதாவது பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை, எரித்தது. அந்த ஆத்திரத்தில்தான் தென்னகத்தை வதைத்தார் என்கிறார்களே?

பதில்: எதிரிகள் கட்டிய கதை. ஆலை எரிந்தது 1863இல். கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த பென்சில்வேனிய அரசமைப்பில் கையெழுத்திட அவர் மறுத்தது 1838இல். மறுபடியும் சொல்கிறேன், ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: லிங்கன் ஒருவரே போதாதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அடிமை வைத்திருந்தவருக்காக அவரே வாதாடியிருக்கிறார். இதை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது. 1821இல் சாரிட்டி பட்லர் என்ற பெண் விடுதலை கேட்டு வழக்காடினார். உடைமையாளர் ஓர் அடிமையைப் பென்சில்வேனியாவில் ஆறு மாதம் வைத்திருந்தால் அவருக்கு விடுதலை என்பது சட்டம். சாரிட்டி அங்கே இடைவெளி விட்டுப் பல முறை தங்கிய நாட்களைக் கூட்டிக் கணக்கிடக் கூடாது என்று வாதாடி, உடைமையாளர் பக்கம் வென்றவர் ஸ்டீவன்ஸ். சாரிட்டிக்கு விடுதலை கிடைக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் அவர் சந்தர்ப்பவாதிதானே?

பதில்: இல்லை. அந்த வழக்குக்குப் பின் தப்பி வந்த அடிமைகள் பலருக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடினார். ஆனால் அதனால் சாரிட்டி இழந்தது திரும்பிவிடாது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். சாரிட்டியின் பெயரை விட்டுவிட்டு எழுதப்படும் ஸ்டீவன்ஸ் வரலாறு எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ஆளுக்கு 40 ஏக்கர் நிலம் என்றாரே, நடந்ததா?

பதில்: இல்லை. கலகம் செய்த பெருநிலக்கிழார்களின் நிலத்தைப் பறித்து விடுதலை பெற்றவர்களுக்குப் பிரித்துத் தரச் சொன்னார். அவருடைய கட்சிக்காரர்களே பின்வாங்கினார்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள் பழைய முதலாளியின் வயலுக்கே விளைச்சலில் பங்கு தரும் வாரக் குடிகளாகத் திரும்பினார்கள்.

கேள்வி: அவர் வீட்டை நிர்வகித்த லிடியா ஸ்மித் அவருக்கு யார்?

பதில்: இருபது ஆண்டு அந்த வீட்டைக் கட்டிக் காத்தவர், சொந்தமாகச் சொத்து வாங்கிய தொழில்முனைவர். அதைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: ஸ்டீவன்ஸின் கல்லறை எங்கே?

பதில்: லங்காஸ்டரிலேயே, ஒரு சிறிய இடுகாட்டில். 1868 ஆகஸ்டில் இறந்தார். மற்ற இடுகாடுகளின் விதிகள் இனம் பார்த்தன. அதனால் எல்லா இனத்தவரையும் ஏற்ற இந்த இடத்தைத் தேர்ந்துகொண்டார். வாழ்நாளெல்லாம் தாம் பேசிய கொள்கையை, படைத்தவன் முன் மனிதர் அனைவரும் சமம் என்பதைச் சாவிலும் காட்டவே இங்கே படுத்திருப்பதாகக் கல்லிலேயே பொறிக்க வைத்தார்.