மெக்சிகோவின் சப்பாத்திஸ்தா இயக்கம் என்ற பழங்குடி விவசாயிகள் படை 1994இல் திடீரென முளைத்ததா?

இல்லை. 1994 ஜனவரி 1 அன்று முகத்தை மூடிய மாயா விவசாயிகள் சான் கிறிஸ்டோபல் நகரைப் பிடித்தபோதுதான் உலகம் அவர்களைக் கவனித்தது. சிலர் கையில் இருந்தது வெறும் மரத்துப்பாக்கி! ஆனால் அந்தப் படை உருவானது 1983 நவம்பர் 17இல். சியாபாஸ் மாநிலத்தின் லக்கண்டோன் காட்டுக்குள், நகரத்து இடதுசாரிகள் சிலரும் பழங்குடியினர் சிலரும் சேர்ந்து தொடங்கினார்கள்.

எல்லாம் நகரத்திலிருந்து வந்து, பிறகு இயக்கத்தின் பேச்சாளரான மார்க்கோஸின் வேலை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் வருவதற்கு முன்பே களம் தயாராகத்தான் இருந்தது. பண்ணைகளில் கடனுக்குக் கட்டுண்டு உழைத்த செல்தால், சோட்சில் என்னும் மாயா இனக் குடும்பங்கள் பல, காட்டைத் திருத்திப் புது ஊர்கள் அமைத்திருந்தன. 1972இல் அரசு 6 லட்சம் ஹெக்டேருக்கு மேல் லக்கண்டோன் என்ற சிறு பழங்குடியின் வெறும் 66 குடும்பங்களுக்கு எழுதிக் கொடுத்தது. அங்கே குடியேறியிருந்த மற்றவர்கள் ஒரே கையெழுத்தில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்!

பிஷப் சாமுவேல் ரூயிஸ் பயிற்சி கொடுத்த உபதேசியார்கள் ஊர் ஊராகப் போய் மக்களைக் கூட்டிப் பேச வைத்தார்கள். 1974இல் நடந்த பழங்குடி மாநாட்டில் நிலம், மருத்துவம், கல்வி, விளைபொருள் விலை என்று எல்லாக் குறையும் அவரவர் மொழியிலேயே வெளியே வந்தது. விவசாயிகள் சங்கங்கள் பெருகின.

அப்புறம் 1989இல் அந்த விவசாயிகள் நம்பியிருந்த காபியின் விலை சரிந்தது. 1992இல் அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவைத் திருத்தி, நிலப் பங்கீட்டையே நிறுத்தினார்கள். மனுப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குக் கடைசிக் கதவும் சாத்தப்பட்டது. மலிவான அமெரிக்கச் சோளத்துக்கு வழிவிடும் நாஃப்டா (அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான வர்த்தக) ஒப்பந்தம் அமலுக்கு வந்த அதே நாளில்தான் எழுச்சி தொடங்கியது.