போர்டை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது 2015-ல் கடையில் சொல்லி அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப். எச்81 மதர்போர்டு, நான்காம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 10. மிகவும் மந்தமாகிவிட்டதால் போன மாதம் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து, ஃபார்மேட் அடித்து, விண்டோஸை மறுபடி போட்டு வாங்கினோம். அன்றிலிருந்து சத்தம் இல்லை. ஸ்பீக்கர் படத்தின் மேல் பெருக்கல் குறி எதுவும் கிடையாது, வால்யூமும் 100-ல் இருக்கிறது. யூடியூப் பார்த்து ஒரு டிரைவர் அப்டேட்டர் போட்டேன். 23 டிரைவர் பழசு என்று காட்டிப் பணம் கேட்கிறது. சவுண்ட் செட்டிங்ஸில் மானிட்டர் பெயரோடு 'இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ' என்ற ஒன்றுதான் இருக்கிறது. கடைக்காரர் 'சவுண்ட் ஐசி போயிடுச்சு, போர்டு மாத்தணும்' என்கிறார். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு நடக்கிறது. என்ன செய்யலாம்?
(விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இப்போதைக்குப் போர்டை மாற்றாதீர்கள். எச்81 போர்டில் கடைக்காரர் கை வைத்தால் அது போர்டோடு நிற்காது. இன்றைய புதிய மாடல் போர்டுகளில் உங்கள் பழைய ஐ3 பொருந்தாது, டிடிஆர்3 ராமும் பொருந்தாது. ஆக, சத்தம் வரவில்லை என்று போய் முக்கால்வாசி கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே நல்ல துப்பு ஒன்று இருக்கிறது. 'இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ' என்பது எச்டிஎம்ஐ கேபிள் வழியாக மானிட்டருக்குச் சத்தம் அனுப்பும் பாதை. உங்கள் மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்காது என்று நினைக்கிறேன். விண்டோஸைப் பொறுத்தவரை ஒலி போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் பெருக்கல் குறி இல்லை. கேட்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். மேசை மேல் இருக்கும் ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்ப வேண்டியது மதர்போர்டில் இருக்கும் இன்னொரு சிப், கடைக்காரர் சொல்லும் 'சவுண்ட் ஐசி'. கேபினெட்டின் பின்பக்கம் ஆடியோ துளைகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், போர்டின் மேல், நண்டு படம் போட்ட சின்னச் சதுரமாக இருக்கும். தைவானின் ரியல்டெக் நிறுவனச் சின்னம் அது. எச்81 போர்டுகளில் பெரும்பாலும் ஏஎல்சி662 அல்லது ஏஎல்சி887. அந்த நண்டு ஏன் பட்டியலுக்கு வரவில்லை என்பதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

டிரைவர் (சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) போடாததால் வரவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தச் சிப்புகளுக்கான பொதுவான டிரைவர் விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. ரியல்டெக் டிரைவரைத் தொடவே இல்லையென்றாலும் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பெயரில் ஒன்று தானாக வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

முதலில் பின்னால் போய்ப் பாருங்கள். ஸ்பீக்கர் வயரின் பின் (பிளக்) பச்சைத் துளையில்தான் இருக்கிறதா? இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு. சுத்தம் செய்து திருப்பி மாட்டும்போது இடம் மாறியிருக்கலாம், பாதி உள்ளே போய் நின்றிருக்கலாம். இதை மிகச் சாதாரண விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். துளையில் பின் செருகப்பட்டிருக்கிறதா என்று இந்தச் சிப் தானே கண்டுகொள்ளும். பின் இல்லை என்று அது நினைத்தால், விண்டோஸ் அந்த ஸ்பீக்கரை செட்டிங்ஸ் பட்டியலிலிருந்து மறைத்துவிடும். நீங்கள் பார்ப்பது அதே காட்சியாக இருக்கலாம். திரையின் ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து 'சவுண்ட்ஸ்', பிறகு 'பிளேபேக்' பக்கம் போங்கள். வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து, முடக்கப்பட்டவற்றையும் இணைப்பில் இல்லாதவற்றையும் காட்டச் சொல்லும் இரண்டு வரிகளையும் டிக் செய்யுங்கள். 'ஸ்பீக்கர்ஸ்' என்று மங்கலாக ஒன்று எட்டிப்பார்த்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 'டிசேபிள்ட்' என்றிருந்தால் ரைட் கிளிக் செய்து எனேபிள் செய்யுங்கள். 'நாட் பிளக்டு இன்' என்றிருந்தால் பின்னைக் கழற்றி அழுத்திச் செருகுங்கள். அப்புறம் அதையே 'டிஃபால்ட்' ஆக்கிவிடுங்கள்.

அங்கேயே ஒரு பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர்ஸ் வரியின் ஓரத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கினால் விண்டோஸ் தன் பக்கத்து வேலையைச் செய்துவிட்டது. அப்படியும் சத்தம் இல்லையென்றால் பார்க்க வேண்டியது பின், வயர், ஸ்பீக்கர். ஸ்பீக்கரைச் சோதிக்க மைக் செட்காரர்களின் பழைய வழி ஒன்று போதும்: ஸ்பீக்கரை ஆன் செய்து, கம்ப்யூட்டரிலிருந்து உருவிய பின்னின் நுனியை உலர்ந்த விரலால் தொடுங்கள். 'ஊம்ம்' என்று இரைந்தால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது.

பட்டியலில் மங்கலாகக்கூட எதுவும் வரவில்லையா? சரி, அடுத்தது டிவைஸ் மேனேஜர். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் இருக்கிறது. எல்லோரும் நேராக 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' பகுதிக்குப் போவார்கள். நீங்கள் முதலில் 'சிஸ்டம் டிவைசஸ்' பகுதியைத் திறந்து, 'ஹை டெஃபினிஷன் ஆடியோ கன்ட்ரோலர்' என்ற பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். நான்காம் தலைமுறை இன்டெலில் எச்டிஎம்ஐ ஒலிக்கு ஒரு கன்ட்ரோலர், நண்டுச் சிப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. இரண்டும் இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கைதான் நம் வேலையை இரண்டாகப் பிரிக்கிறது.

ஒன்றுதான் இருக்கிறது என்றால், விண்டோஸுக்கு வருவதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டிருக்கிறது. பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும் போர்டின் சொந்த செட்டிங்ஸில், ஆடியோவை அணைத்து வைத்திருக்கிறார்கள். எத்தனை டிரைவர் போட்டாலும் பலிக்காது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டெலிட் பொத்தானை (சில போர்டுகளில் எஃப்2) விடாமல் தட்டினால் பயாஸ் திறக்கும். சிப்செட் அல்லது பெரிஃபெரல்ஸ் போன்ற பெயருள்ள பக்கத்தில் 'ஆடியோ கன்ட்ரோலர்' அல்லது 'எச்டி ஆடியோ' என்று ஒரு வரி இருக்கும். அதை எனேபிள் செய்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். தேடிக் கிடைக்கவில்லை என்று எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும் 'ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' வரியை அழுத்துவதானால், அதற்கு முன் பூட் பக்கத்தையும் சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவை மாறினால் விண்டோஸே ஏறாமல் போகலாம். சத்தம் தேடிப் போய்ப் படமும் போன கதையாகிவிடும்.

கன்ட்ரோலர் இரண்டும் இருக்கின்றன என்றால், இப்போது சவுண்ட் பகுதிக்கு வாருங்கள். அங்கேயோ 'அதர் டிவைசஸ்' பகுதியிலோ மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது இருந்தால் அதை டபுள் கிளிக் செய்து எண்ணைப் பாருங்கள். கோட் 28 என்றால் டிரைவர் இல்லை. கோட் 10 என்றால் டிரைவர் இருந்தும் டிவைஸ் கிளம்பவில்லை. கோட் 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. உங்கள் விஷயத்தில் எனக்கு அந்த டிரைவர் அப்டேட்டர் மேல்தான் சந்தேகம். வேறு ஏதோ போர்டின் டிரைவரை அது திணித்திருக்கலாம். இந்த மாதிரி மென்பொருள்கள் எதையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. 23 பழசு என்பது பெரும்பாலும் பூச்சாண்டி. ஒழுங்காக ஓடும் பழைய டிரைவரைப் புதுப்பித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முதலில் அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

பிறகு டிவைஸ் மேனேஜரில் அந்த ஆடியோ வரியை ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். அதை விட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் அதே தவறான டிரைவர் மறுபடி வந்து உட்காரும். இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோவைத் தொட வேண்டாம். அடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து ஆன் செய்வதும் இதுவும் ஒன்று என்று நினைக்கிறோம், அப்படிக் கிடையாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுனின்போது விண்டோஸ் டிரைவர்களின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும்.

திரும்ப வரும்போது 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' வந்து சத்தமும் வந்துவிட்டால், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வைத்திருப்பவருக்கு அந்தப் பொது டிரைவரே தாராளம். 5.1 ஸ்பீக்கர் அமைப்பு, ஈக்வலைசர் என்று போகிறவர்களுக்குத்தான் ரியல்டெக் டிரைவர் தேவை. வேண்டுமென்றால் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் மாடல் பெயரைக் கொடுத்து எடுங்கள். போர்டின் மேல் மாடலோடு ரிவிஷன் எண்ணும் அச்சிட்டிருந்தால் அதையும் பொருத்திப் பார்க்க வேண்டும். வேறு எங்கிருந்தும் வேண்டாம்.

நம்மிடம் இருப்பது நண்டுதான் என்று உறுதி செய்ய ஒரு வழி உண்டு. டிவைஸ் மேனேஜரில் அந்த ஆடியோ வரியின் ப்ராப்பர்ட்டீஸில் 'டீட்டெய்ல்ஸ்' பக்கம் போய் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' தேர்ந்தெடுங்கள். விஇஎன் என்ற எழுத்துகளுக்குப் பின் 10இசி என்றிருந்தால் ரியல்டெக். 8086 என்றிருந்தால் இன்டெலின் எச்டிஎம்ஐ பாதை. டிஇவி என்பதற்குப் பின் 0887 போல வருவது சிப்பின் எண்.

கன்ட்ரோலர் இரண்டும் இருந்து, சவுண்ட் பகுதியில் ரியல்டெக்கும் இல்லை, பொது டிரைவரும் இல்லை, மஞ்சள் முக்கோணமும் இல்லை என்றால் கடைக்காரர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். சிப் பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் முன் கம்ப்யூட்டரை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, ஒயரை உருவிவிட்டு, பவர் பொத்தானை 20 வினாடி அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். உள்ளே தங்கிய மின்சாரத்தால் உறைந்துபோன சிப் இதில் எழுந்துகொள்வதுண்டு.

அதற்கும் அசையவில்லையென்றால் விண்டோஸை விலக்கி வைத்து ஒரு சோதனை. 8 ஜிபி பென் டிரைவில், விண்டோஸ் போலவே இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டுங்கள். (திரையில் இருக்கும் இன்ஸ்டால் படத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.) லினக்ஸில் சத்தம் வந்தால் ஐசி நலமாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில்தான். கடைக்காரரிடமே அந்தப் பென் டிரைவைப் போட்டுக் காட்டலாம். இடையில் யாராவது விண்டோஸ் 11 போட்டால் சரியாகும் என்றால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். நான்காம் தலைமுறை புராசசரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. பயாஸில் அணைந்த ஆடியோவை அதுவும் பார்க்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துபோனது வேறு விஷயம். இந்த மெஷினை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கும்போது அதைக் கணக்கில் எடுக்கலாம்.

லினக்ஸிலும் மௌனம்தான் என்றால் ஐசி போனது உண்மை. அப்போதும் போர்டு வேண்டாம். யுஎஸ்பி சவுண்ட் கார்டு என்று கட்டைவிரல் அளவில் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தனக்கென்று டிஏசி சிப்பை (டிஜிட்டல் தகவலை ஒலிக்கான மின்னலையாக மாற்றுவது) உள்ளே வைத்திருப்பதால் போர்டிலுள்ள நண்டைத் தேடாது. தனி டிரைவரும் கேட்காது. செருகியதும் பிளேபேக் பட்டியலில் 'யுஎஸ்பி ஆடியோ டிவைஸ்' என்று வரும், அதை டிஃபால்ட் ஆக்கினால் முடிந்தது. மகளுக்கு நாளைக்கே வகுப்பு என்றால் மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன்பே இதை வாங்கிவிடலாம். வாங்கும்போது துளைகளைப் பாருங்கள்: ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் தனித்தனியாக இரண்டு இருக்க வேண்டும். ஒரே துளை உள்ளதை வாங்கினால், செல்போன் இயர்போன் போல மூன்று கறுப்பு வளையம் உள்ள பின் கொண்ட ஹெட்செட்தான் அதில் மைக்கோடு வேலை செய்யும்.