இசையின் பண்பாட்டு வரலாற்றில் முதுகலை: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வரலாற்றில் இளங்கலை முடித்து, சிறுவயது முதல் வாய்ப்பாட்டும் கற்றுவரும் தங்கள் மகள், முதுகலையில் இசை பயின்று அதன் சமூக வரலாற்றை ஆராய விரும்புவதாகவும், கச்சேரி வாய்ப்பு அமையாவிட்டால் அவர் நிலை என்னவாகும் என்று தாங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கச்சேரியை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். மேடையில் பாடுவது ஒரு பணி, இசையை ஆராய்வது வேறொரு பணி. அவர் விரும்புவது பின்னதை.

சென்னையில் 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. 1943இல், மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு இடம் வேண்டி, தமிழ் இசைச் சங்கம் உருவானது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. யார் பாடுவது, எந்த மொழியில் பாடுவது, எந்த அவையில் பாடுவது என்ற கேள்விகள் இருபது ஆண்டுகளுக்குள் இப்படிக் கொந்தளித்த காலத்தை, ராகம் அறியாத வரலாற்று மாணவரும் வரலாறு அறியாத பாடகரும் முழுமையாக எழுத இயலாது. தங்கள் மகளிடம் இரண்டுக்குமான அடித்தளம் இருப்பது அரிய தகுதி என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இருப்பினும், பட்டத்தை எந்தத் துறையில் பெறுவது என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும். உதவிப் பேராசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வை (நெட் தேர்வை) முதுகலைப் பாடத்திலேயே எழுதுவது வழக்கம். பொதுப் பிரிவினருக்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. வரலாற்றுத் துறை பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் உண்டு, இசைத் துறையோ மிகச் சிலவற்றில்தான் உண்டு. ஆகவே இசையில் முதுகலை பெற்றால் விண்ணப்பிக்கக்கூடிய பணியிடங்கள் குறையும், நிரந்தரப் பணிக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கவும் நேரலாம். அப்படியிருந்தும் இசையையே பரிந்துரைக்கிறேன். வரலாற்று ஆய்வு முறையின் தொடக்கம் அவருக்கு இளங்கலையிலேயே கிடைத்துவிட்டது, இசை இலக்கணத்தையோ ஆசிரியர் துணையின்றித் தாமாகக் கற்பது கடினம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பெற்றால், முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும் என்பதால் அதையே இலக்காக வைத்துப் படிக்கட்டும். ஆவணக் காப்பகம், வானொலி, பதிப்புத் துறை ஆகியவற்றிலும் வாய்ப்புகள் உண்டு, ஆனால் அவை எண்ணிக்கையில் சிறியவை.

தெலுங்கு எழுத்தை இன்றே கற்கத் தொடங்கச் சொல்லுங்கள். தியாகராஜரின் கீர்த்தனைகளை மூலத்தில் படிக்க அது வேண்டும். தஞ்சை மராட்டியர் அவையை ஆராய நினைத்தால், சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ள, மராத்தி மொழியை எழுத முன்பு பயன்பட்ட மோடி எழுத்திலான ஆவணங்களையும் படிக்கப் பழக வேண்டியிருக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னையிலுள்ள இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் விசாரியுங்கள். இளங்கலையில் இசை படிக்காதவர்களைச் சேர்க்கும் விதி இடத்துக்கு இடம் மாறுபடும். விண்ணப்பிக்கும் முன் சில வாரங்கள் அவர் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அமர்ந்து பழைய பாட்டுப் புத்தகங்களையும் இதழ்களையும் புரட்டி, தமக்கென ஓர் ஆய்வுக் கேள்வியை எழுதிக்கொள்ளட்டும். அந்தக் கேள்வியுடன் துறைக்கு நேரில் சென்று, அதற்கு வழிகாட்டக்கூடிய பேராசிரியர் அங்கு இருக்கிறாரா என்று கேட்டறிந்த பிறகே கட்டணம் செலுத்துங்கள்.