உருண்டை பைப்பில் நழுவாத கிளாம்ப்: அளவு, இடைவெளி, போல்ட்

கேள்வி: மொட்டை மாடியில் ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப் நட்டு, அதிலிருந்து 60 சென்டிமீட்டர் நீட்டிய கையில் சுமார் 10 கிலோ சோலார் விளக்கு மாட்டியிருக்கிறேன். யூ போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பலத்த காற்றில் கை திரும்பிவிடுகிறது. அலுமினியக் கட்டையில் 38 மில்லி ஓட்டை போட்டு, இரண்டாகப் பிளந்து கிளாம்ப் செய்ய நினைக்கிறேன். என்ன அளவு, எந்த போல்ட்? அதையே மாடிப்படி எஸ்எஸ் கைப்பிடியிலும் மாட்டலாமா?

பதில்: லேத்துக்குப் போகும் முன் நீங்கள் சொன்ன 38-ஐ அடித்துவிடுங்கள். ஜிஐ பைப்பை ஒன்றரை இஞ்ச் என்று சொல்வது உள்துளையை ஒட்டிய பெயர். அதன் வெளிவிட்டம் 48.3 மில்லி. எஸ்எஸ் கைப்பிடிக் குழாயில் ஒன்றரை இஞ்ச் என்றால் வெளிவிட்டமே 38.1 மில்லி. கடையில் இரண்டையும் ஒரே பெயரில்தான் கேட்போம். 10 மில்லி வித்தியாசம். ஒரே கிளாம்ப் இரண்டுக்கும் சேராது. ஜிஐயில் துத்தநாகப் பூச்சு சில இடத்தில் திரண்டு நிற்கும். அதனால் கிளாம்ப் உட்காரப்போகும் இடத்திலேயே வெர்னியரை வைத்து, பைப்பைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் அளந்து, பெரிய அளவை எடுங்கள். போர், அதாவது கட்டையில் கடையும் வட்ட ஓட்டை, அதைவிட 0.1 முதல் 0.2 மில்லி கூடுதலாக இருக்கட்டும். போர் சிறிதாகிவிட்டால் இரண்டு பாதியின் ஓரங்களும் பைப்பைக் கடித்துக்கொண்டு, நடுவில் ஒட்டாமல் நிற்கும்.

அடுத்து இடைவெளி. இறுக்கிய பிறகும் இரண்டு பாதிக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். பாதிகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால், அதற்குமேல் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அந்த விசை கட்டைக்குத்தான் போகும், பைப்புக்குப் போகாது. இதற்கு எளிய வழி உண்டு. இரண்டு கட்டைக்கும் நடுவே 2 மில்லி தகடு வைத்து, போல்ட் போட்டு இறுக்கி, அப்படியே லேத்தின் ஃபோர் ஜா சக்கில் (நான்கு தாடைப் பிடிப்பானில்) பிடித்து போர் அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் தகட்டை உருவிவிட்டால், பைப்பில் மாட்டும்போது வட்டம் சரியாக அமையும், 2 மில்லி இடைவெளியும் தானாகக் கிடைக்கும். இறுக்கி முடித்ததும் இரண்டு பக்கமும் ஹாக்ஸா பிளேடை நுழைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுழையாவிட்டால் போல்ட்டுகளைத் தளர்த்தி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி இறுக்க வேண்டும்.

இப்போது கணக்கு. பலரும் பாரத்தில் கிளாம்ப் கீழே சறுக்கிவிடும் என்றுதான் பயப்படுகிறார்கள். 10 கிலோ என்பது வெறும் 100 நியூட்டன், அது பொருட்டே அல்ல. உங்களைப் படுத்துவது திருகல். காற்று பக்கவாட்டில் 100 நியூட்டன் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.6 மீட்டர் தூரத்தில் அது 60 நியூட்டன் மீட்டர் திருகல். பைப்பின் ஆரம் 24 மில்லிதான். ஆகவே மேற்பரப்பில் 2500 நியூட்டன் உராய்வு இருந்தால்தான் கை அசையாது. இரண்டு எம்8 (8 மில்லி) போல்ட், ஒவ்வொன்றும் 5000 நியூட்டன் இழுப்பு, உராய்வு எண் 0.15 என்றால், இரண்டு பாதியும் சேர்ந்து தருவது 4 × 0.15 × 5000 = 3000 நியூட்டன். நூலிழையில் தப்பிக்கிறது, அவ்வளவுதான். யூ போல்ட்டும் தட்டைத் தகடுமாக இருக்கும்போது தகட்டுப் பக்கம் பைப்பை ஒரே கோட்டில்தான் தொடுகிறது; அது ஏன் திரும்பியது என்று இனி சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஒரே பெரிய கிளாம்ப்புக்குப் பதில், 25 மில்லி அகலத்தில் இரண்டு செய்து, 200 மில்லி தள்ளித் தள்ளி ஒரே முதுகுத் தகட்டில் மாட்டச் சொல்வேன். பிடிப்பு 6000 நியூட்டனாகிவிடும். இன்னொரு லாபமும் உண்டு: விளக்கின் எடை கையைக் கீழே இழுத்துச் சாய்க்கும் 60 நியூட்டன் மீட்டரை, 200 மில்லி இடைவெளி வெறும் 300 நியூட்டனாக்கிவிடும். 50 மில்லி அகல ஒற்றைக் கிளாம்ப்பில் அதே சாய்வு ஓரங்களில் 1800 நியூட்டன் அளவுக்கு நெம்பும். ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதை மறக்க வேண்டாம். கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 சென்னைக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். புயல் எச்சரிக்கை வந்தால் விளக்கைக் கழற்றி வைப்பதே நல்லது.

போல்ட் பைப்பை எவ்வளவு ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மையத்துக்கு மையம் 64 மில்லி போதும். கட்டை 90 மில்லி நீளம், ஒவ்வொரு பாதியும் 35 மில்லி கனம். வளைவின் உச்சியில் 12 மில்லி மிஞ்சும். இரண்டு பாதியிலும் 9 மில்லி நேர் ஓட்டை போட்டு, பின்னால் முதுகுத் தகட்டையும் சேர்த்து நட்டு போடுங்கள். இரண்டு பாதியின் ஓட்டையிலும் டேப் அடித்து மரை வெட்டிவிட்டால் கிளாம்ப் மூடவே மூடாது. பட்டறையில் அடிக்கடி நடக்கும் கூத்து இது. சாதாரண எம்8-ஐ 8 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் அந்த 5000 வந்துவிடும். போருக்குள் கிரீஸோ பெயின்டோ படக்கூடாது. அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மேலே போட்ட கணக்கு செல்லாது.

கட்டை விலை அதிகம் என்று தோன்றினால் வி வெட்டுள்ள சேடில் (பைப் உட்காரும் தாங்கி) வைத்த யூ போல்ட் வாங்குங்கள். பல் வைத்தது பூச்சைக் கீறும். கீறிய இடத்தில் ஜிங்க் பெயின்ட் அடித்துவிடலாம்.

எஸ்எஸ் கைப்பிடிக்குத் தனி கிளாம்ப்தான். வீட்டுக் கைப்பிடிகளின் குழாய்த் தகட்டுக் கனம் பெரும்பாலும் 1.2 மில்லி அளவுதான், இறுக்கினால் நசுங்கும். 2 மில்லி ஈபிடிஎம் (வெயில் மழை தாங்கும்) ரப்பர் சுற்றி, போரை 41.5 மில்லியாக வைத்து, மிதமாக இறுக்குங்கள். அலுமினியமும் எஸ்எஸ்ஸும் நேராகத் தொட்டு மழையில் நனைந்தால் அலுமினியம் அரிக்கும். ரப்பர் அதையும் தடுக்கும். ஆனால் ரப்பர் போகப் போக அமுங்கும். ஒரு வாரம் கழித்து ஸ்பேனரை ஒரு தடவை வைத்துப் பாருங்கள். கையளவு சாமான்கள் மாட்டலாம், 60 சென்டிமீட்டர் கை மட்டும் அங்கே வேண்டாம்.