புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மணல் எப்படிப் போனது? தலைமைச் செயலகம் எதிரே மட்டும் எப்படித் திரும்பி வந்தது?

நம் கரையில் மணல் ஓரிடத்தில் தங்காது. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தெற்கத்தி அலை அதை வடக்கே தள்ளும். வாடை மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கே போகிறது.

இந்த ஓட்டத்தின் குறுக்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்குச் சுவரை ஒட்டி மணல் குவிந்தது, வடக்கே நகரத்துக்கு வரத்து நின்றது. அலையோ இருந்த மணலையும் வழக்கம்போல் அள்ளிக்கொண்டு போனது. குவியும் மணலை எடுத்து வடக்கே சேர்ப்பதும் திட்டத்தில் இருந்ததுதான். அதைத் தொடர்ந்து செய்யாமல் விட்டதே பெரிய பிழை. கடலுக்குள் நீண்டு நின்று 2022-ல் இடிந்த பழைய துறைமுகப் பாலம் இப்படி மணலை மறிக்கவில்லை; அது தூண்கள்மேல் நின்றது, அதன் அடியில் மணல் தாராளமாகக் கடந்துபோனது.

அரிப்பைத் தடுக்கக் கரையோரம் கல் கொட்டினார்கள். சாலை பிழைத்தது, மணல் வரவில்லை. கல்லில் மோதித் திரும்பும் அலை அடிமணலைத் தோண்டுவதால் கல் சரியும், மறுபடி கொட்ட வேண்டும். தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர் போட்டால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே இருக்கும் ஊர் அரிக்கும். அப்படித்தான் இந்தத் தொல்லை புதுச்சேரி எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போயிற்று. நேரில் பார்க்க விரும்பினால் ஏதாவது ஒரு தூண்டில் வளைவின்மேல் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் படகு நிற்கும் மணல், மறுபக்கம் நேராகக் கல்லில் அடிக்கும் அலை.

இதில் அதிகம் இழந்தவர்கள் மீனவர்கள். ஃபைபர் படகைக் கல்லின்மேல் ஏற்ற முடியாது, அடிப்பாகம் கிழிந்துவிடும். கரைவலை இழுக்க இரண்டு கயிற்றுக்கும் ஆள் நின்று பின்னால் நகர நீளமான, கல்லில்லாத கரை வேண்டும். வலை உலர்த்த, மீன் காயவைக்கவும் அதே மணல்தான். வைத்திக்குப்பத்து மாசிமகத் தீர்த்தவாரிக்கு மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் வருகின்றன. அங்கேயும் கரை சுருங்கினால் கூட்டத்துக்கு இடமில்லை.

தலைமைச் செயலகம் எதிரே மணல் வந்ததற்குக் காரணம், தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-ல் நீருக்குள் இறக்கிய ஆப்பு வடிவ எஃகுத் திட்டு. அது அலையின் வேகத்தை முன்கூட்டியே உடைப்பதால் பின்னால் மணல் படிகிறது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் அங்கே கொட்டினார்கள். அந்த மணல் வரத்து இல்லாமல் திட்டு மட்டும் போதாது. அதனால் ஆண்டுதோறும் தூர்வாருவதும், வாரியதை வடக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நிற்கவே கூடாது.